கேமராவுக்கு வெள்ளை காட்டுற சோலி

படம் அனுப்பியாச்சுல்ல, பெறகு ஏன் மூஞ்சியை இப்படி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்னுதான கேக்குறீங்க? போன தடவையும் அனுப்பத்தான் செஞ்சேன். அனுப்புறதுல என்ன இருக்கு, பட்டனை அமுக்குனா போயிருது. எந்தக் கலர்ல போய்ச் சேருதுங்கறதுலதான் எங்க பொழப்பு கெடக்கு.

போட்டோக்காரன் தொழிலை ஒரு வரியில சொல்லச் சொன்னா இப்படித்தான் சொல்வேன்: கேமராங்கறது கண்ணிருந்தும் கூறு இல்லாத சாமான், வெள்ளை எதுன்னு நாமதான் அதுக்குக் காட்டிக் குடுக்கணும், தப்பாக் காட்டுனா அதையும் நம்பிக்கிரும். பகல்ல ஏலக்காக் கடையில சாக்குத் தைச்சுட்டு, பொழுது சாஞ்சதும் ராப்பள்ளிக்கூடத்துக்குப் போயிப் படிச்ச ஆளு நானு. அங்க விஞ்ஞான வாத்தியாரு, வெள்ளை வெளிச்சத்துக்குள்ள ஏழு கலர் இருக்குன்னு குண்டு பல்புக்குக் கீழ நின்னு சொல்லிக் குடுத்தாரு. அந்த வெளிச்சத்துல சாக்பீஸு, வாத்தியாரு சட்டை, எங்க நோட்டு அம்புட்டும் மஞ்சளாத்தான் தெரிஞ்சுச்சு. ஒருத்தனும் எந்திரிச்சு வெள்ளை எங்கன்னு கேக்கல. கேட்டிருந்தா எனக்குப் பின்னாடி நெறைய அலைச்சல் மிச்சமாயிருக்கும்.

இப்ப நான் உக்காந்திருக்கிறது குரங்கணிக்கு மேல. ஜீப்பு நிக்கிற எடத்துல இருந்து கால் மணி நேரம் ஏறுனா பவுன்தாயி தோட்டம். ஒண்ணரை ஏக்கர் ஏலம். வருசா வருசம் பவுன்தாயி காயைப் போடிக்குக் கொண்டுபோயி கமிஷன் கடையில கொட்டும். அவுக என்ன தரம் சொல்றாகளோ அதான் தரம். இந்த வருசம் மொத தடவையா அந்தப் பிள்ளை தானா ஒரு ஆளைப் பிடிச்சிருக்கு. ஜெய்ப்பூர்ல மசாலாக் கடை வச்சிருக்கிற சேட்டு. முந்தி மெட்ராஸ்ல கடை வச்சிருந்தவராம், தமிழ் கொஞ்சம் வரும். படத்தைப் பாத்துத்தான் காய் வாங்குவாரு. ஏலக்காயில பச்சைதான் உசுரு. பச்சை கொறைஞ்சா பழைய காய்னு ஒதுக்கிருவாக.

நான் எடுத்த மொதப் படத்தைப் பாத்துட்டுச் சேட்டு வேணாம்னுட்டாரு. காயில ஒரு குத்தமும் இல்ல, குத்தம் எங்கிட்ட. பவுன்தாயி பேசிப் பேசி, இன்னொரு தடவை பாக்க ஒத்துக்கிட்டாரு. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள அவரு சரின்னா காயி ஜெய்ப்பூருக்கு. இல்லைன்னா வருச வெள்ளாமை மறுபடியும் கமிஷன் கடைக்கே போகும், இந்தப் பிள்ளையும் இனிமே தானா விக்கிற பேச்சையே எடுக்காது. அந்தா, சிக்னல் கெடைக்கிற பாறை மேல ஏறிப் போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிது பாருங்க. பதில் வர்ற வரைக்கும் நான் இந்தக் கவுத்துப் போட்ட கூடையில உக்காந்து, என்னைய மாதிரி வெளிச்சத்துகிட்ட அடி வாங்குன உங்களுக்கு நாலு சங்கதி சொல்றேன்.

எதுத்த வீட்டு ரோஸ் பெயிண்டு

போடியில என் ஸ்டுடியோ மாடியில இருக்கு. வடக்கு பாத்த பெரிய சன்னலு. அதுக்குப் பக்கத்துல உக்கார வச்சா மூஞ்சி அம்சமா வரும், தனியா லைட்டு வேணாம். வாடகை பேசும்போதே அந்தச் சன்னலைப் பாத்துத்தான் சரின்னேன். பல வருசம் அந்தச் சன்னலு சோறு போட்டுச்சு.

ஒரு பொங்கலுக்கு எதுத்த வீட்டுக்காரரு வீட்டுக்கு ரோஸ் பெயிண்டு அடிச்சாரு. மங்களகரமா இருக்குன்னு நானும் சொல்லிட்டு வந்தேன். மறுநாள்ல இருந்து என் கடைக்குப் பாஸ்போர்ட் சைஸு எடுக்க வந்த சனத்துக்கெல்லாம் கன்னம் செவந்து போச்சு. பிரிண்டர்ல கோளாறுன்னு மையை மாத்துனேன். ஸ்கிரீன்ல கோளாறுன்னு தேனியில இருந்து ஆளைக் கூட்டியாந்தேன். மூணு நாள் கழிச்சு, டீ குடிக்கச் சன்னல்ல சாஞ்சப்பத்தான் பாக்குறேன், என் டீயே ரோஸ் கலர்ல இருக்கு. வெயிலு எதுத்த சுவத்துல விழுந்து, அங்கருந்து எகிறி என் கடைக்குள்ள வருது. காலையில கடை தொறந்ததும் ஒரு தடவை கேமராவுக்கு வெள்ளையைக் காட்டிட்டு, சாயங்காலம் வரைக்கும் அதையே நம்பி எடுத்துக்கிட்டிருந்திருக்கேன்.

அந்த மூணு நாள்ல படம் எடுத்துட்டுப் போனவங்கள்ல ஒருத்தரு, ரிட்டையர் ஆன தபால்காரரு. பென்சன் ஆபீசுக்குக் குடுக்க எடுத்த படம். கவரைக் கொண்டாந்து மேசையில வச்சு, ஒரு படத்தை எடுத்து எம்முன்னாடி நகட்டிட்டுச் சொன்னாரு: "தம்பி, நான் உசுரோட இருக்கேன்னு காட்டத்தான் படம் கேட்டாங்க, புது மாப்ளையா இருக்கேன்னு காட்ட இல்ல."

மஞ்சத் தேச்ச வீட்டுல

சிலமலையில ஒரு கல்யாணம். மொத நாள் நலங்கு. பொண்ணுக்கு மஞ்சச் சேலை, சுத்தி நிக்கிற பொம்பளைகளுக்கு மஞ்சச் சேலை, பின்னாடி கட்டுன துணி மஞ்சள், தட்டு நெறையச் செவந்தி, மொகம் கையி காலு எல்லாம் அரைச்ச மஞ்சள். கூட்டத்துல கையைத் தூக்க எடமில்ல. கேமராவை ஆட்டோவுல போட்டுட்டேன். ஆட்டோன்னா, வெளிச்சம் எப்படின்னு அதுவாப் பாத்து அதுவா முடிவு பண்ணிக்கிரும்.

அது என்ன நெனச்சிருக்கும்னு எனக்கு அப்பறந்தான் புரிஞ்சுச்சு. 'இங்க எங்க பாத்தாலும் மஞ்சளா இருக்கே, உலகத்துல இம்புட்டு மஞ்சள் இருக்க வாய்ப்பில்ல, லைட்டுலதான் ஏதோ கோளாறு'ன்னு நெனச்சு, மஞ்சளை வழிச்சு எறிஞ்சுட்டு நீலத்தைக் கலந்து விட்டிருச்சு. சாயங்காலம் லேப்டாப்புல போட்டுக் காட்டுறேன், பொண்ணு கழுவிப்போட்ட எவர்சில்வர் மாதிரி இருக்கு. பொண்ணோட அத்தைக்காரி இடுப்புல கையை வச்சுக்கிட்டு முன்னாடி வந்துச்சு. "அரைக் கிலோ மஞ்சளை அரைச்சுத் தேச்சது நாங்க, ஒரே பட்டன்ல கழுவி விட்டுட்டியேய்யா, நீ என்ன சோப்புக் கம்பெனி ஆளா?"

சூப்பர்வைசரு எலையாப் போனது

ஏலத் தோட்டத்துக்குள்ள எடுத்தவங்களுக்குத் தெரியும். மேல பெரிய பெரிய மரம், கீழ ஆளு உயரத்துக்கு ஏலச்செடி. நடுவுல வர்ற வெளிச்சம் பூரா எலையில வடிகட்டி வர்றது. அங்க ஒரு எஸ்டேட்டுல, வேலை பாக்குறவங்களுக்கு அடையாள அட்டைக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டாக. கேமராவுல 'நெழல்'னு ஒரு குறி இருக்கு, நானும் நெழல்தானன்னு அதுல வச்சேன். கேமரா செஞ்சவன் நெனச்சது கட்டட நெழலை. ஏலத் தோட்டத்து நெழலை அவன் கனவுல கூடக் கண்டிருக்க மாட்டான். நாப்பது பேரையும் வரிசையா நிப்பாட்டி எடுத்து முடிச்சேன், நாப்பது பேரும் பாசி படிஞ்ச மாதிரி வந்துட்டாக.

மறுநாள் எல்லாரையும் தோட்டத்துக்கு வெளிய, ரோட்டுக்குக் கூட்டியாந்து மறுபடி எடுத்தேன். வேலை கெட்டுப் போச்சுன்னு கத்துவாகன்னு பயந்தேன், யாரும் கத்தல. சூப்பர்வைசரு மட்டும், அவரு அங்கிட்டு மலையாளத்துக்காரரு, பழைய படத்தை வெரல்ல பிடிச்சு ஒரு ஏலச் செடி பக்கத்துல வச்சு, ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு எங்கிட்ட சொன்னாரு: "சாரே, ஞான் இவிடெ ஜோலிக்கு வந்நதாணு, முளைச்சதல்ல!"

இன்னுங் கொஞ்சம் பச்சை

இது நான் தெரிஞ்சே செஞ்ச தப்பு. பேரைச் சொல்ல மாட்டேன், டவுனுல ஒரு ஏலக்கா யாவாரி. நானும் ஏலக்காக் கடையில இருந்தவன்தான், அந்தக் காலத்துல யாரு சாம்பிள் பாக்க வந்தாலும் காயைக் கையில அள்ளிக்கிட்டு நேரா வாசலுக்குப் போவாக. கடைக்குள்ள நின்னு யாரும் பச்சை பாக்க மாட்டாக. ட்யூப்லைட்டு வெளிச்சத்துல எல்லாக் காயும் ஒரே மாதிரி தெரியும்னு அவுகளுக்குத் தெரியும், எந்தப் பள்ளிக்கூடமும் போகாமலே. இப்ப வாசல்ங்கறது வாட்சப்புக்கு மாறிப் போச்சு.

யாவாரி என் கம்ப்யூட்டர் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கிட்டாரு. படம் சரியா வந்திருந்துச்சு. "இன்னுங் கொஞ்சம் பச்சை"ன்னாரு. மவுஸைப் பிடிச்சுப் பச்சை கூட்டுற கோட்டை இழுத்தேன். "இன்னும்"னாரு. இழுத்தேன். காயி கிளி மாதிரி ஆயிருச்சு. அவரு சந்தோசமாப் போனாரு. பத்து நாள்ல மொத்த லோடும் திரும்பி வந்துருச்சு. படத்துல அம்புட்டுப் பச்சையைப் பாத்துட்டு வாங்குனவங்க சாயம்னு சந்தேகப்பட்டு, ஈரத்துணியில தேச்சுப் பாத்திருக்காக. சாயம் இல்ல, பச்சையும் இல்ல. லோடு கொண்டுபோன டிரைவரு கேரளாக்காரங்களுக்கும் வண்டி ஓட்டுறவரு, எல்லாம் பாத்தவரு. மூட்டையை எறக்கிட்டே யாவாரியைப் பாத்துக் கேட்டாரு: "அண்ணே, படத்துல ஏத்துன பச்சையை எந்தச் செக்போஸ்டுல எறக்குனீங்க?"

சித்தப்பா வேட்டி

இப்ப பவுன்தாயி சங்கதிக்கு வர்றேன். போன வாரம் மொத தடவை இங்க வந்தப்ப நல்ல சுத்தமாத்தான் கெளம்பி வந்தேன். ஒண்ணைத் தவிர. எங்க தொழில்ல ஒரு சாம்பக் கலர் அட்டை உண்டு. அதுல மஞ்சளும் கூடி இருக்காது, நீலமும் கூடி இருக்காது, நடுவுல நிக்கிற கலரு. படம் எடுக்குற எடத்துல அதை வச்சு, 'இந்தா பாரு, இதான் நடு'ன்னு கேமராவுக்குக் காட்டிட்டா மத்த கலரெல்லாம் அதது எடத்துல வந்து உக்காந்துக்கிரும். அந்த அட்டையை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன். கீழ எறங்கி ஏற நேரமில்ல, சேட்டு அன்னிக்கே படம் வேணும்னுருந்தாரு.

சரி, அட்டை இல்லைன்னா வெள்ளையா ஒரு சாமானை வச்சுக்கிறலாம். சுத்திப் பாத்தேன். சிமிண்டுச் சாக்கு பழுப்பாக் கெடந்துச்சு. பவுன்தாயி தம்பி மாரி, ஜீப்பு ஓட்டுறவன், அவன் பனியனைக் கழட்டித் தர்றேன்னான். அதை வெள்ளைன்னு சொல்ல எனக்கு மனசு வரல. அந்நேரம் பாத்து பவுன்தாயியோட சித்தப்பா ஒருத்தரு, போடியில ஒரு விசேசத்துக்குக் கெளம்பி, மடிப்புக் கலையாத வேட்டியில எறங்கி வர்றாரு. கண்ணு கூசுற வெள்ளை. "சித்தப்பா, ஒரு நிமிசம் இங்கன நில்லுங்க"ன்னு களத்துல நிப்பாட்டி, குனிஞ்சு வேட்டியை மட்டும் பிரேம் பூரா எடுத்துக் கேமராவுக்குக் காட்டுனேன்.

"என்னய்யா, மூஞ்சியை விட்டுட்டு முழங்காலை எடுக்குற?"ன்னாரு.

"முழங்கால்தான் இப்ப முக்கியம் சித்தப்பா. அசையாதீக."

மூஞ்சியையும் எடுத்தாத்தான் போவேன்னு நின்னாரு, அதையும் ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். பெறகு காயி படம். ஒரே பனி, கேமரா ஸ்கிரீன்ல எல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சுச்சு. பவுன்தாயி பாறைக்கு ஏறி அனுப்புச்சு. அரை மணி நேரத்துல சேட்டு கூப்பிட்டாரு. ஸ்பீக்கர்ல போட்டிருந்துச்சு, எல்லாரும் கேட்டோம்.

"அம்மா, இது போன வருசம் காய். பச்சை எல்லாம் போயிட்டுது. நமக்கு வேணாம்."

"சேட்டு, முந்தா நாளுதான் காய வச்சு எடுத்தது. என் கையால ஆஞ்ச காயி."

"நீ சொல்றது காது கேக்குது. கண்ணு வேற சொல்லுதும்மா."

வச்சுட்டாரு. பவுன்தாயி எங்களை யாரையும் பாக்காம, காயைக் கையில அள்ளி அள்ளி மறுபடி கூடையில போட்டுக்கிட்டே இருந்துச்சு.

கடைக்கு வந்து பெரிய ஸ்கிரீன்ல போட்டுப் பாக்குறேன். காயி நெசமாவே வைக்கோல் மாதிரி இருக்கு. எம்புட்டு நேரம் பாத்தும் பிடிபடல. கடைசியில சித்தப்பா மூஞ்சி படத்தைத் தொறந்தேன். வேட்டி பளிச்சுன்னு வெள்ளை. ஆனா நரைச்ச மீசை மஞ்சள்! ஒரே வெளிச்சத்துல நிக்கிற ரெண்டு வெள்ளையில ஒண்ணு எப்படி மஞ்சளாகும்? அப்பத்தான் மண்டையில ஒறைச்சுச்சு. மறுநாள் காலையில போன் போட்டு, "சித்தப்பா, வேட்டிக்கு வீட்டுல என்ன போட்டு அலசுறாக?"ன்னேன். "எல்லாரும் ரெண்டு சொட்டு நீலம் போடுவாக, உங்க சித்தி நாலு சொட்டு போடுவா. அதான் ஊருல எந்த வேட்டியும் என் வேட்டிக்குப் பக்கத்துல நிக்காது"ன்னாரு, பெருமையா.

பாத்தீங்களா? நீலம் ஏறுன வேட்டியைக் காட்டி, இதான் வெள்ளைன்னு நான் சொல்லியிருக்கேன். கூறுகெட்ட கேமரா அதை நம்பி, அந்த அளவுக்கு எல்லாத்துல இருந்தும் நீலத்தை உருவிப் போட்டிருச்சு. நீலம் போனா மிச்சம் மஞ்சள்தான். மீசையும் மஞ்சளாச்சு, காயும் மஞ்சளாச்சு. இந்தத் தப்பை வேற நாட்டுக்காரன் செய்யவே முடியாது. மறைக்கப் பிடிக்கல, மலையேறி வந்து நேர்லயே சொன்னேன். கேட்டுட்டுப் பவுன்தாயி சொன்னுச்சு: "மழை ஏமாத்தல, பூச்சி ஏமாத்தல, கடைசியில சித்தப்பா வேட்டி ஏமாத்திருச்சேண்ணே."

இன்னிக்குக் காலையில

இன்னிக்கு அட்டையை மொத வேலையாப் பையில வச்சேன். சட்டை கூட சாம்பல் கலர்லதான் போட்டுருக்கேன், எஞ்சட்டைக் கலரு காயில அடிச்சுறக் கூடாதுன்னு. வந்ததும், காயி கொட்டிக் கெடந்த நீலத் தார்ப்பாயைச் சுருட்டச் சொன்னேன். களம் பூரா பனி மூடி வெளிச்சம் ஒரே சீரா இருந்துச்சு. இந்த வெளிச்சத்துல நீலம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், ஆனா நெலையா இருக்கும். நெலையா இருக்கிறதைச் சமாளிச்சுறலாம்.

மாரிக்குப் பொறுமை இல்ல. "அண்ணே, எதுக்கு இம்புட்டுப் பாடு? போன்லயே ஒரு இழுப்பு இழுத்தாப் பச்சை வந்துரும்ல?"

"இழுக்க மாட்டேன் மாரி."

"போன தடவை மஞ்சளாக்குனீக. அதுக்கு ஈடா இந்தத் தடவை கொஞ்சம் பச்சையாக்குனா சமமாப் போச்சு. நாயந்தான?"

கணக்கு என்னமோ சரியாத்தான் இருந்துச்சு. நான் பதில் சொல்றதுக்குள்ள பவுன்தாயி திரும்புச்சு. "வேணாம்டா. கூட்டிக் காட்டி வித்தா அடுத்த வருசம் அந்தக் கூட்டுன பச்சையையே கேப்பாரு. அதுக்கு நான் எங்கிட்டுப் போவேன்?"

மாரி சாவியைச் சுத்திக்கிட்டு அங்கிட்டுப் போயிட்டான்.

அட்டையை வச்சு வெள்ளை எடுத்தேன். காயை எடுத்தேன். இந்தத் தடவை அனுப்புறதுக்கு முன்னாடி பாறைக்குப் போயி வீடியோவுல கூப்பிட்டுச் சேட்டுகிட்டயே வெளக்கிறலாம்னு எனக்கு ஒரு யோசனை. தட்டுல காயி, பக்கத்துல அட்டை. இது இன்ன அட்டை, இதை வச்சுத்தான் கலர் பிடிக்கிறோம்னு மெனக்கெட்டுச் சொன்னேன். கேட்டுக்கிட்டாரு. கேட்டுட்டு, "போட்டோக்காரரு, அந்த அட்டை என்ன கலர்னு எனக்கு எப்படித் தெரியும்? அது உங்க அட்டை. அன்னிக்கு வேட்டி, இன்னிக்கு அட்டை"ன்னாரு. வேட்டிக் கதையைப் பவுன்தாயி ஒண்ணு விடாமச் சொல்லியிருக்கு போல. நாயமான கேள்வி. இத்தனை வருசத்துல எங்கிட்ட யாரும் கேக்கல. அட்டையை நான் நம்புறேன், கேமரா நம்புது. ஜெய்ப்பூர்ல இருக்கிற மனுசன் ஏன் நம்பணும்?

பவுன்தாயி போனை என் கையில குடுத்துட்டு விறுவிறுன்னு எறங்கி வீட்டுக்குள்ள போச்சு. கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சுன்னுதான் நெனச்சேன். ஒரு தட்டு நெறையத் தூள் உப்போட வந்து நிக்கிது. உப்பைக் காயி பக்கத்துல வச்சுட்டுப் போனைப் பிடுங்குச்சு.

"சேட்டு, உங்க வீட்டுல உப்பு இருக்கா?"

"என்னம்மா கேள்வி இது? உப்பு இல்லாத வீடு எங்க இருக்கு?"

"ஒரு தட்டுல கொட்டி வாசலுக்குக் கொண்டாங்க. நான் அனுப்புற படத்தைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. எம் உப்பும் உங்க உப்பும் ஒண்ணாத் தெரிஞ்சாத்தான் காயைப் பாக்கணும். ஒண்ணாத் தெரியலைன்னா காயைப் பாக்கவே வேணாம்."

சேட்டு யாரையோ இந்தியில கூப்பிட்டு நமக்குன்னு கத்துனாரு. அவுக பாசையில உப்புக்கு அதான் பேராம். "சரி, அனுப்பு. கடையில ஆளு நிக்கிது. முடிச்சுட்டு வாசல்ல வச்சுப் பாத்துச் சொல்றேன்"னாரு.

உப்போட சேத்து மறுபடி எடுத்தேன். அட்டையில பிடிச்ச வெள்ளைக்கும் உப்புக்கும் மயிரிழை வித்தியாசம் கூட இல்ல. கேமரா ஸ்கிரீனைத் துணியால மூடிக்கிட்டு உள்ள பாத்தா, காயி என்ன கலரோ அந்தக் கலரு. நல்ல பச்சை. ஆனா ஒரு வில்லங்கம். கலர் சரியா வந்ததும், தட்டுல நாலுல ஒண்ணு கொஞ்சம் வெளிறியிருக்கிறதும் சரியா வந்துருச்சு. இதைச் சொல்லவா வேணாமான்னு நான் யோசிக்கிறதுக்குள்ள பவுன்தாயியே எட்டிப் பாத்துட்டு உக்காந்து பொறுக்க ஆரம்பிச்சிருச்சு. பச்சை ஒரு தட்டு, வெளிறுனது ஒரு தட்டு. ரெண்டையும் உப்புக்கு ரெண்டு பக்கமும் வச்சு எடுங்கன்னுச்சு. திரும்பி வந்த மாரி தலையில அடிச்சுக்கிட்டான். "எக்கா, வெளிறுனதை எதுக்குக் காட்டுற? அவரு கேட்டாரா?"

"கையில போய்ச் சேந்தாத் தெரியத்தான போகுது. இன்னிக்கே பாத்துட்டுப் போகட்டும்."

எடுத்தேன். அனுப்பியாச்சு. அனுப்பிட்டு எறங்கி வரும்போது மனசு கேக்காம, இம்புட்டு வெள்ளைச் சாமான் இருக்கையில உப்பு எப்படி ஆத்தா நெனப்புல வந்துச்சுன்னு கேட்டேன். அது என்னைய ஒரு மாதிரி பாத்துட்டுச் சொன்னுச்சு: "உப்புக்கு யாரும் நீலம் போடுறதில்லண்ணே."

அதுல இருந்து இங்கதான் உக்காந்திருக்கேன். ஒரு மணி நேரம் இருக்கும். மாரி ரெண்டு தடவை டீ போட்டுக் கொண்டாந்தான், கோவத்துல சீனி போடல. பனி எறங்கிக்கிட்டே இருக்கு, பாறை மேல நிக்கிற ஆளே பாதிதான் தெரியுது. இம்புட்டு வருசத்துல எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்: கேமராவை நம்ப வைக்கிறதுக்கு ஒரு துண்டு அட்டை போதும், மனுசனை நம்ப வைக்கிறதுக்குத்தான் வீட்டுக்குள்ள போயி எதையாவது எடுத்தாற வேண்டியிருக்கு.

இருங்க, கையை ஆட்டுது.

"அண்ணே! அண்ணேய்! சேட்டு தட்டுல உப்போட வாசல்ல நிக்கிறாராம்! ரெண்டும் ஒண்ணுதானாம்! பச்சை அம்புட்டும் எடுத்துக்கிறாராம்!"

"வெளிறுனது?"

"அது வேணாமாம்! கெடக்கட்டும், டவுனுல போட்டுக்கிறேன்! மூட்டை கட்டுறதையும் படம் எடுத்து அனுப்பணுமாம், பக்கத்துல உப்பை வச்சு! பனி கூடுதுண்ணே, கேமராவைக் கொண்டாங்க, வெரசா!"

"வர்றேன் ஆத்தா!"

நான் போறேன்.